அரைச் சங்கு

"கல்லறையையே கடல் எடுத்துட்டுப் போயிருச்சுன்னா, செத்தவங்க இன்னொரு தடவை சாவாங்களாப்பா?"

இதைக் கேட்டபோது அடலினுக்கு ஏழு வயது. வெள்ளிமுனைக் கல்லறைத் தோட்டத்தின் கிழக்குச் சுவர் முந்தின வாரம்தான் இடிந்து விழுந்திருந்தது. அப்பாவும் மகளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே சிமெண்டுச் சிலுவை ஒன்று அலையில் மெல்லச் சாய்ந்து, யாரோ கைபிடித்து அழைத்துப் போவதுபோல நுரைக்குள் போயிற்று. அந்த வரிசையில்தான் இன்னாசியின் தாய் இருந்தாள். இன்னாசி மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "காத்து அடிக்குது, வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் சிறுபிள்ளைகளின் கேள்விகள் மீன்முள் மாதிரி. தொண்டையில் ஒரு தடவை மாட்டினால் சோற்றுருண்டைக்கெல்லாம் இறங்காது. ஒரு வாரம் அது அவரைக் குத்திக்கொண்டே இருந்தது.

இன்னாசி அப்போது ஊரின் ஐஸ் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அதோடு பெட்டிக்காரர். கடல் ஏறி வந்து தார்ச்சாலையைத் தொட்ட வருடம் வங்கிகள் கரையை விட்டுப் போய்விட்டன. கரையோரத்து நாற்பத்தொரு ஊர்களும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு நாணயத்தை உண்டாக்கிக்கொண்டன. கையில் பிடிக்க முடியாத, போனுக்குள் மட்டும் இருக்கும் நாணயம். அதற்குச் சங்கு என்று பேர் வைத்தார்கள். "பேரு வைக்கும்போதே ஊதிட்டீங்களே" என்று கேலி பேசியவர்களும் மறுமாதம் அதில்தான் மீன் வாங்கினார்கள்.

ஊருக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரே ஏடு. வெள்ளிமுனையில் ஒருத்தி ஒரு கிலோ சாளை மீன் வாங்கினால் அந்த வரவுசெலவு நாற்பத்தொரு ஊரின் ஏட்டிலும் விழும். விழுந்ததை ஒருவரும் அழிக்க முடியாது. அழிக்க வேண்டுமென்றால் நாற்பத்தொரு பெட்டிக்காரரும் தத்தம் பெட்டியில் தாங்களே அழிக்க வேண்டும். சங்குப் பணத்தின் பலமே அதுதான். நாற்பத்தொரு ஊர் ஒரே மனதாக ஒரு காரியம் செய்ததாகச் சரித்திரம் கிடையாது.

ஒவ்வொரு தொகையின் கீழும் எண்பது எழுத்துக்கு ஒரு குறிப்பு எழுத இடம் இருந்தது. 'வலைக்கு', 'டாக்டர் பீஸ்', 'மாதா கோயில் வரி' என்றெல்லாம் எழுதுவார்கள். கேள்வி குத்திக்கொண்டிருந்த அந்த வாரத்தின் முடிவில் இன்னாசி தமக்குத் தாமே அரைச் சங்கு அனுப்பிக்கொண்டு, கீழே தம் தாயின் பேரையும், பிறந்த வருடத்தையும், இறந்த வருடத்தையும் எழுதினார். மகளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"இதைக் கடல் எடுக்க முடியாது, பாத்துக்கோ."

அடலின் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். "அப்போ சரி" என்றாள்.

இரண்டே வருடத்தில் கரை முழுவதும் அதைச் செய்தது. கல்லறை இழந்தவர்கள் எழுதினார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டார் எழுதினார்கள். அவர்களுக்கு முதலிலேயே கல்லறை கிடையாது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, சனங்கள் மெழுகுதிரியோடு ஐஸ் தொழிற்சாலைக்கு வந்து பெட்டியின் முன்னால் நிற்பது வழக்கமாயிற்று. பங்குச்சாமியார் முதல் வருடம் தயங்கினார். மறுவருடம் அவரே வந்து தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். இன்னாசி குறுக்கே பாய்ந்து, "சாமி, கரண்ட்டு!" என்று கத்தியதை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

எல்லாவற்றையும் எல்லாரும் படிக்கும்படி எழுத முடியாதில்லையா? அதனால் குறிப்பைப் பூட்டிவைக்கவும் வழி இருந்தது. எழுதுகிறவர் ஒரு சாவிச்சொல் வைத்துப் பூட்டினால், வெளியே தெரிவது கலைந்துபோன எழுத்துக்கூட்டம்தான். சொல் தெரிந்தவர் திறந்து படிக்கலாம்.

அடலினுக்குப் பத்தொன்பது வயதானபோது கடலுக்குள் நட்டிருந்த காற்றாலைகளைப் பழுது பார்க்கும் படகில் வேலைக்குப் போனாள். ஒரு ஜனவரி காலையில் படகிலிருந்து போன் பண்ணினாள்.

"அப்பா, உங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கேன். பூட்டியிருக்கு."

"சாவி?"

"சாயங்காலம் வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் மண்டையை உடைச்சுக்கிட்டு இருங்க."

சாயங்காலம் அந்தப் படகு திரும்பவில்லை. பிறகும் திரும்பவில்லை. ஒரு செருப்புகூட ஒதுங்கவில்லை.

இன்னாசி மண்டையை உடைத்துக்கொண்டுதான் இருந்தார். தினமும் கோயிலில் மாலைமணி அடித்ததும் செபத்தை முடித்துவிட்டுப் பெட்டி முன் உட்கார்ந்து மூன்று சொற்களைப் போட்டுப் பார்ப்பார். அவள் வளர்த்த பூனையின் பேர், பள்ளித்தோழிகளின் பேர், அவளுக்குப் பிடித்த மிட்டாயின் பேர். 'பொருந்தவில்லை' என்று பெட்டி சொல்லும். அவர் மனைவி புஷ்பம் படுக்கையில் விழுந்து, மூன்று வருடம் கழித்து இறக்கும்வரை, ஒவ்வொரு நாளும் அவர் வீட்டுக்குள் நுழைகையில் ஒன்றே ஒன்று கேட்டாள். "திறந்துச்சா?"

மகள் கடலில் போன அதே வருடக் கல்லறைத் திருநாளன்று இன்னாசி ஏட்டில் எல்லாரும் படிக்கும்படி எழுதியிருந்தார். 'அடலின், 19. உடல் கிடைக்கவில்லை. இதைப் படிப்பவர் எங்காவது ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். இன்னாசி, வெள்ளிமுனை.' அன்று மாலையே எங்கிருந்தோ அரைச் சங்கு வந்தது. கீழே ஒரே ஒரு சொல்: 'ஏற்றியாச்சு.'

அனுப்பியவர் யாரென்று தெரியாது. சங்குக் கணக்குகளுக்குப் பேர் கிடையாது, நீளமான எண்ணும் எழுத்தும்தான். அதன் வால் மட்டும் நினைவில் நின்றது: ழ2ப9. மறுவருடம் அதே நாளில், அதே வாலோடு, அரைச் சங்கு, 'ஏற்றியாச்சு.' எட்டு வருடம் தவறவில்லை. பெட்டிக்காரர் நினைத்தால் அது எந்த ஊர், எந்த வீடு என்று தோண்டி எடுத்துவிடலாம். ஆனால் பொறுப்பேற்கும்போது, யாருடைய கணக்கையும் தேடிப் பார்ப்பதில்லை என்று பீடத்தின் முன்னால் கைவைத்துச் சத்தியம் செய்வது அவர்கள் வழக்கம். பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார் வாய் திறப்பாரா? அதுபோலத்தான் இதுவும். இன்னாசி தேடவில்லை. அந்த ஒரு சொல் வந்த நாள்களில் மட்டும் அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஒன்பதாவது வருட அக்டோபரில் மெர்வின் போன் பண்ணினான். பெட்டிக்காரர்களுக்கு நகரத்தில் ஒரு சங்கம் உண்டு. அவன் அதன் பொறியாளன்.

"இன்னாசி மாமா, நாற்பது ஊருல அழிச்சாச்சு. உங்க பெட்டி மட்டும்தான் பாக்கி."

"எனக்குத் தெரியும்லே."

"தெரிஞ்சுக்கிட்டே இருந்தா எப்படி மாமா?"

யாரோ ஒருவன் கரையோரத்துப் பெண்பிள்ளைகளின் காட்டக் கூடாத படங்களை ஆயிரம் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் பூட்டிய குறிப்பாக ஏட்டில் எழுதிவிட்டிருந்தான். பணம் தராத வீட்டுப் படத்தின் சாவியை மாதம் ஒன்றாக வெளியே விட்டுக்கொண்டிருந்தான். சாவி பள்ளிக்கூடப் போன்களில் கைமாறும். சங்கு ஏடு அழியாதது அல்லவா? அவனுக்கு அதுதான் வசதி. காலத்துக்கும் இருக்கும் என்று சொல்லித்தான் மிரட்டினான்.

"அந்தத் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட வேண்டியதுதானே?" என்றார் இன்னாசி. இதை அவர் கேட்பது பத்தாவது தடவை.

"வெளிய வந்த படத்தோட துண்டு எதுன்னு தெரியும். இன்னும் வெளிய வராதது எத்தனை கிடக்குன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். எது படத்துண்டு, எது அடலின் எழுதினதுன்னு பெட்டிக்குத் தெரியாது மாமா. ரெண்டும் வெளியில இருந்து பாத்தா ஒரே மாதிரி கலைஞ்ச எழுத்து. அதனாலதான் மொத்தக் குறிப்பையும் எடுக்கணும்னு முடிவு. இனிமே ஏட்டுல தொகை மட்டும்தான். வந்தது, போனது. வேற ஒரு எழுத்து ஏறாது."

"கெட்டவன் வேற வழி பாத்துக்கிடுவான். நமக்குத்தான் வேற வழி இல்லை."

"பாத்துக்கிடுவான். அதுக்காக நம்ம வீட்டுக்குள்ள அவனுக்கு அலமாரி கொடுக்கணுமா?"

இன்னாசி போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு பெட்டியில இருந்தாலும் அது இருக்குன்னுதான் அர்த்தம்" என்றான் மெர்வின். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மாமா, நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க. அழிக்கிறதுக்கு முந்தி மொத்த ஏட்டையும் ஒரு சில்லுல நகல் எடுத்து வீட்டுல வச்சுக்கிடுங்க. மகளோட குறிப்பைத் தனியா காகிதத்துல எழுதினா அது வெறும் எழுத்துதான். முன்னாடி எழுதின குறிப்பு அத்தனையும் பின்னால இருந்தாத்தான் அந்தப் பூட்டு பூட்டாவே இருக்கும். மொத்தமா நகல் எடுத்தா நீங்க எப்பவும்போல சாவி போட்டுப் பாக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்போ அந்தப் படமும் என் வீட்டுல இருக்கும்."

"இருக்கும்."

"நாற்பது பேர்ல எத்தனை பேரு இப்படி வச்சிருக்காங்க, மெர்வின்?"

"நான் எண்ணல மாமா" என்றான்.

கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது இசக்கியம்மாள் வந்தாள்.

பேர் அவளே சொன்னதுதான். முற்பகல் வெயிலில் தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். சேலையின் கீழ்விளிம்பு உப்புப் பூத்து வெளுத்து, அட்டைபோல விறைத்திருந்தது. மீன்பாடு போனபிறகு ஐஸ் தொழிற்சாலையே ஓடுவதில்லை. காலியான தொட்டிகளைத் தாண்டி அவள் உள்ளே நடந்து வந்த சத்தம் சுவரில் பட்டு இரண்டாகக் கேட்டது.

"பெட்டிக்காரர் நீங்கதானா அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"உப்பாத்தூர்ல இருந்து வாரேன். உப்பளத்து வேலை." அவள் மூலையில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தாள். "இதுதானா?"

"இதுதான்."

"இம்புட்டுச் சின்னதா இருக்கு." கொஞ்சம் நின்றாள். "என் பிள்ளை இதுக்குள்ள இருக்கா அண்ணாச்சி."

இந்த வார்த்தையை இன்னாசி எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறார். அவர் கை பழக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டது. வாயும் பழக்கத்தில் பேசியது.

"உக்காருங்க தாயி. பேரு சொல்லுங்க. எந்த வருஷம் தவறினா?"

இசக்கியம்மாள் உட்காரவில்லை.

"தவறல அண்ணாச்சி. உசுரோட இருக்கா."

இன்னாசி நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். வாயிலிருந்து போன சொல்லை எந்தப் பெட்டியில் போய் அழிப்பது?

"பேரு கேக்காதீங்க" என்றாள் அவள். "கேட்டவங்க எல்லாரும் பிறகு தேடிப் பாக்காங்க. பதினாறு வயசு. ஒரு படம் வெளிய வந்துருச்சு. இன்னும் நாலு இருக்குன்னு அவன் சொல்லுதான். இருக்கோ, இல்லையோ. ஸ்கூலுக்குப் போறதில்லை. சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கா. போன மாசம் எங்களை விட்டுட்டுப் போகப் பாத்தா. பக்கத்து வீட்டு அக்கா கண்ணுல பட்டதால பிழைச்சா."

"மாதாவே" என்றார் இன்னாசி.

"நாற்பது ஊருல அழிச்சாச்சு கண்ணு, எந்திரிச்சு வந்து ரெண்டு வாய் சாப்பிடுன்னு சொன்னேன். அவ திரும்பாமலே கேட்டா, அப்போ நாற்பத்தொன்னாவது?ன்னு. அவளுக்குக் கணக்கு நல்லா வரும் அண்ணாச்சி."

இதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. சொல்லச் சொல்லத் தேய்ந்துபோன பேச்சாக இருந்தது அது. போலீஸ், வக்கீல், சங்கம் என்று எத்தனை வாசலில் சொல்லியிருப்பாளோ.

இன்னாசி பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒரு நியாயம் பேச வேண்டும்போல இருந்தது அவருக்கு.

"என் மகளும் இதுக்குள்ளதான் இருக்கா, தங்கச்சி."

"தெரியும் அண்ணாச்சி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கரை முழுக்கத் தெரிந்த கதைதானே என்று இன்னாசி நினைத்துக்கொண்டார். அவள் தேநீரைப் பாதி குடித்துவிட்டு தம்ளரைத் தொட்டித் திண்டில் வைத்தாள். காலில் விழுவாளோ என்று அவர் பயந்திருந்தார். அவள் விழவில்லை.

"நான் யோசிக்கணும்" என்றார்.

"யோசிங்க" என்றாள். "நான் அவசரப்படுத்தல. அவதான் அங்க எண்ணிக்கிட்டு இருக்கா."

அவள் எதிரே இருந்த கடைக்குள் போய்ப் போனைக் காட்டி எதையோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறியதை இன்னாசி வாசலில் நின்று பார்த்தார்.

கடைக்காரி பிரகாசி, புஷ்பத்தின் அக்காள். மதினி என்ற உறவில் இன்னாசியிடம் எதையும் பேசும் உரிமை அவளுக்கு உண்டு. பேசாத நாளும் இல்லை. சிறிது நேரத்தில் கருவாட்டு வாசத்தோடு உள்ளே வந்தாள்.

"யாரு அந்தப் பொம்பளை? ஒரே ஒரு மெழுகுதிரி வாங்கினா. திருநாளு வருதே, டஜனா எடுத்தா குறைச்சுத் தாரேன்னேன். 'ஒன்னு போதும்க்கா, அது ரெண்டாயிரக் கூடாது'ங்கா. என்ன பேச்சு இது?"

அந்த இரண்டாவது மெழுகுதிரி யாருக்கு என்று இன்னாசிக்குப் புரிந்தது. முதலாவது யாருக்கு என்று கேட்டுக்கொள்ள அவருக்கு அப்போது தோன்றவில்லை. வந்தவள் யாரென்று சொன்னார். அழிக்கலாமென்று நினைப்பதையும் சொன்னார்.

பிரகாசி இடுப்பில் கைவைத்தாள். "ஒரு பிள்ளைக்காக நாற்பத்தொரு ஊரு செத்தவங்களையும் கடலுல தள்ளிவிடப் போறீரோ?"

"பூட்டாத குறிப்பை எல்லாரும் காகிதத்துல எழுதி வச்சிருக்காங்கல்ல மதினி. நீங்களும்தானே எழுதினீங்க."

"எழுதினேன். 'கருவாட்டுக் குழம்பு வை, வெள்ளனே வாரேன்.' எங்க வீட்டுக்காரரு கடைசியா அனுப்பினது. காகிதத்துல அது என் கையெழுத்துல இருக்கு. நானே எனக்குச் சொல்லிக்கிட்ட மாதிரி இருக்கு. உம்ம பெட்டியில இருக்கிறதுதான் அவரு சொன்னது." அவள் குரல் கோபமாக எழுந்தது. "அப்போ அடலின்? என் தங்கச்சி 'திறந்துச்சா, திறந்துச்சா'ன்னு கேட்டுக்கிட்டேதானே செத்தா? அவகிட்ட மேல போய் என்ன சொல்லுவீரு?"

"செத்தவங்களுக்கு இனிமே ஒரு குறையும் வராது மதினி. அந்தப் பிள்ளைக்கு வரும்."

"நல்லா இருக்கே நியாயம். சாமியாராப் போயிருக்கலாம்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "செய்யும். உம்ம பெட்டி, உம்ம விரல். ஆனா இனிமே என் கடைப்பக்கம் வராதேயும்."

அன்று மத்தியானமே இன்னாசி நகல் எடுத்தார். நகத்தளவு சில்லு. முப்பது வருட ஏடு முழுவதும் அதற்குள் போய் உட்கார்ந்தது. கழுத்துக் கயிற்றில் தொங்கிய மாதா படத் துணியான உத்தரியத்துக்குள் அதைச் செருகித் தைத்துக்கொண்டார். தைக்கும்போது மாதா படத்தின் முகத்தைப் பார்க்காமல் தைத்தார். பெட்டியை அழித்தால் அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தொன்று ஆகிவிடும். தம் நெஞ்சுக்குள் ஒன்று கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அவர் அந்தப் படத்தைத் திறக்கப் போகிறாரா? வேறு யாராவது திறக்க விடுவாரா? தம்மைப் போன்ற நல்ல மனிதரிடம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அப்படி எத்தனை நல்ல மனிதர்கள் கழுத்தில் எத்தனை சில்லு தொங்குகிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்டிவிட்டார்.

கல்லறைத் திருநாளன்று நாலு மணிக்கு ஊர் வந்தது. வேறு ஊர்களிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அவர்களுடைய ஊரில் அழித்தாயிற்று, இங்கே ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று. இன்னாசி எழுந்து நின்று, இன்றோடு குறிப்புகளை அழிக்கப்போவதாகச் சொன்னார். காரணத்தையும் சொன்னார். ஊர்ப் பேரையோ தாயின் பேரையோ சொல்லவில்லை. இரைச்சல் கிளம்பியது. ஒருவர் பெட்டியை மறித்து நின்றார். யாரோ அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிறகு அழுகை வந்தது, இரைச்சல் அடங்கிற்று.

ஒவ்வொரு வீட்டாரும் வரிசையில் வந்து தங்கள் குறிப்பைக் கடைசியாக ஒருமுறை திரையில் பார்த்து, சத்தமாகப் படித்தார்கள். 'மைக்கேல், 31.' 'அம்மா, கோபம் இல்லை.' 'ராயப்பன், அவன் தம்பி, ஒரே படகு.' பிரகாசியும் வந்தாள். இன்னாசியின் முகத்தைப் பார்க்காமல், கருவாட்டுக் குழம்பைப் பற்றிய வரியைப் படித்தாள். படித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்னாசி விசையை அழுத்தினார். பதினொரு நிமிடம் பிடித்தது. திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வெளுத்துப் போயின. அலை வந்து சிலுவைகளை எடுத்தபோதாவது ஒரு சத்தம் இருந்தது.

"முடிஞ்சுதா?" என்று பிரகாசி கேட்டாள். தங்கையின் குரலை அப்படியே உரித்துவைத்திருந்தது.

"முடிஞ்சுது மதினி."

கோயிலில் பூசைக்கு முதல் மணி அடித்தது. மெழுகுதிரிகளை அணைக்காமல் தரையில் விட்டுவிட்டு எல்லாரும் போனார்கள். கதவைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி இன்னாசி மட்டும் தங்கினார்.

பெட்டி முன் உட்கார்ந்து கழுத்தில் உத்தரியத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. இனி வீட்டில், ஒருவர் கண்ணிலும் படாமல், தினம் மூன்று சொல். சாகும்வரை போட்டுப் பார்க்கலாம்.

ஏடு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது பெட்டிக்காரரின் வேலை. ஊருக்கு வந்த வெளியூர் வரவைத் திறந்தார். முன்பெல்லாம் ஒரு தொகைக்குக் கீழே இரண்டு மூன்று வரிக் குறிப்பு இருக்கும். படித்துக்கொண்டே போனால் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். இப்போது வெறும் தொகையும் வாலும். அந்த மூன்று நாளில் வெளியூரிலிருந்து வெள்ளிமுனைக்கு வந்த பணம் இரண்டே இரண்டு வரிகள்தான்.

கீழ் வரி இன்றைக்கு, இருபது நிமிடம் முன்பு வந்தது. இன்னாசிக்கு, அரைச் சங்கு. ழ2ப9.

குறிப்பு இல்லை. அனுப்புகிறவர் ஊரில்தான் முன்பே குறிப்புக்கு இடம் இல்லாமல் போய்விட்டதே. 'ஏற்றியாச்சு' என்று சொல்ல வழியில்லாமல், அப்படியும் விடாமல், வெறும் அரைச் சங்காக வந்திருந்தது. ஒன்பதாவது வருடம். இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேல் வரி மூன்று நாளுக்கு முந்தினது. அவருக்குப் பழகிய வாலுள்ள பிரகாசி கடைக்கு, கால் சங்கு. ஒரு மெழுகுதிரியின் விலை. அதன் வாலும் ழ2ப9.

அவர் எதையும் தேடவில்லை. சத்தியத்தை மீறவில்லை. சொற்களை எல்லாம் எடுத்துவிட்டதால் இரண்டு வரியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாமாகவே வந்து நின்றன.

"தெரியும் அண்ணாச்சி" என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கள் மகளுக்கு எட்டு வருடமாக நான் திரி ஏற்றுகிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிடமே அழித்திருப்பார். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். பெற்ற பிள்ளையின் உயிருக்காகக் கெஞ்ச வந்த இடத்தில்கூட, செய்த நன்மையை எடுத்துக் காட்டி விலை கேட்கவில்லை. பாதித் தேநீரை வைத்துவிட்டுப் போய், அவருடைய மகளுக்காக ஒரு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

இன்னாசி உத்தரியத்தைக் கழற்றி, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். சில்லு உள்ளங்கையில் விழுந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் மீன்செதில்போல மின்னியது.

கடைசியாக ஒரே ஒரு சொல் போட்டுப் பார்க்கலாமா என்று விரல் துடித்தது. ஒன்று போட்டால் இன்னொன்று கேட்கும் என்று அவருக்குத் தெரியும். இருபத்தைந்து பேர் சில்லு வைத்திருக்கலாம், முப்பது பேர் வைத்திருக்கலாம். இதை உடைப்பதால் உலகத்தில் ஒன்றுமே மாறாமல் போகலாம். அவர் உடைக்கவில்லை என்றாலும் ஒருவருக்கும் தெரியாது, உடைத்தாலும் தெரியாது. இசக்கியம்மாளுக்கும் தெரியாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் தெரியாது. ஆனாலும் அவளுடைய எண்ணிக்கையில் இந்த ஒன்று பொய்யாக இருக்கக் கூடாது.

தொட்டித் திண்டில் சில்லை வைத்தார். கருவிப்பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

"அடலின்" என்று கூப்பிட்டார். ஏழு வயதில் அவள் கேட்ட கேள்விக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றார்.

மூன்று அடி அடித்தார். காலியான தொழிற்சாலை மூன்றையும் ஆறாகத் திருப்பிச் சொன்னது. தூளைக் கையால் கூட்டி, தொட்டியின் அடியில் தேங்கிக் கிடந்த பழைய உப்புத்தண்ணீரில் தூவினார். அது மிதந்து, கறுத்து, இறங்கிற்று.

பிறகு போனை எடுத்து, ழ2ப9 கணக்குக்கு அரைச் சங்கு அனுப்பினார். முன்பெல்லாம் 'குறிப்பு?' என்று கேட்கும். இப்போது கேட்கவில்லை. 'அனுப்பப்பட்டது' என்று மட்டும் காட்டி அடங்கிற்று.

உப்பாத்தூரில் அவள் அதைப் பார்ப்பாளா, பார்த்தால் புரிந்துகொள்வாளா, உள்ளே போய் அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று 'நாற்பத்தொன்னு' என்று சொல்வாளா, சொன்னால் அவள் திரும்புவாளா, ஒன்றும் தெரியாது. கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. தரையில் எரிந்த மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக அணையும்வரை இன்னாசி காத்திருந்தார். கதவைப் பூட்டினார். பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில், முகம் திருப்பிக்கொண்ட பிரகாசிக்குப் பின்னால், முழங்கால் போட்டார்.